எதிராளியைத் தோண்டக் கூப்பிட்டார்கள்

அமெரிக்காவில் காங்கிரஸ் என்கிற நாடாளுமன்றத்துக்கான தேர்தலில் நிற்கிற ஒருவரின் பழைய பேச்சு, போட்ட ஓட்டு, வழக்கு, வரி, சொத்து என்று எல்லாவற்றையும் தேடி எடுத்துத் தொகுத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. ஆப்போசிஷன் ரிசர்ச் என்று பெயர், களத்தில் இருப்பவர்கள் ஆப்போ என்று சுருக்கிவிடுவார்கள். ஒரு கட்சி தன் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய நடக்கிற உட்தேர்தலுக்குப் பிரைமரி என்று பெயர். அப்படி ஒரு பிரைமரி சீசன் முழுக்க நான் அந்த வேலையைச் செய்தேன். மூவாயிரம் டாலருக்கு மேல் வராமல் போனது, தூக்கம் போனது, ஒரு நல்ல நட்பும் கொஞ்சம் கசந்தது. இந்த வேலை எப்படி நடக்கும், எங்கே கடிக்கும் என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நம் ஆட்கள் இப்போது பிரசாரங்களில் நிறையவே சேருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஊர், கட்சி, பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. சிகாகோவின் புறநகர்த் தொகுதி ஒன்று, அவ்வளவுதான்.

நான் பல வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவள். கம்பெனி ஆட்குறைப்பு செய்ததில் வேலை போய் வீட்டில் இருந்த நேரம். தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒரு தம்பி அந்தப் பிரசாரத்தில் வாலண்டியராக இருந்தான். "அக்கா, நீங்கதான் எதையும் நுணுக்கி நுணுக்கிப் பார்ப்பீங்க. எதிராளியோட பழைய ரெக்கார்டையெல்லாம் எடுத்துக் கொடுக்க ஆள் தேடுறாங்க, காசும் கொடுப்பாங்க" என்றான். எங்கள் வேட்பாளர் அரசியலுக்குப் புதுசு, வியாபாரத்தில் நல்ல பெயர். எதிராளி அதே கட்சிக்காரர், இல்லினாய் மாநிலச் சட்டசபை உறுப்பினர், அதற்கு முன் ஒரு வில்லேஜ் போர்டில், அதாவது சிற்றூர் நிர்வாக சபையில், டிரஸ்டி என்கிற உறுப்பினர். பிரசார மேனேஜருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். 4,500 டாலர் மொத்தம், 1,500 முன்பணம், மிச்சம் ரிப்போர்ட் கொடுத்த பிறகு என்று ஈமெயிலில் பேசி முடித்தோம். பெரிய நிறுவனங்களிடம் போனால் இதற்குப் பல மடங்கு ஆகும் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப் போட வேண்டாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத ஒருவர் அமெரிக்கத் தேர்தல் பிரசாரத்துக்கு ஒரு டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம். சம்பளம் இல்லாமல் வாலண்டியர் வேலை செய்யலாம், ஆனால் பணத்தை எதற்குச் செலவழிப்பது, யாரைத் தாக்குவது போன்ற முடிவுகளில் பங்கெடுக்கக்கூடாது. இதில் மாட்டிக்கொள்ளும் இடம் சின்னது. கோர்ட் ஆவணத்துக்கு உங்கள் கிரெடிட் கார்டில் இருபது டாலர் கட்டினால், அதைப் பிரசாரம் திருப்பித் தரும்வரை சட்டத்தின் கண்ணில் அது நீங்கள் கொடுத்த நன்கொடை. குடிமக்களுக்கு அது வெறும் கணக்குச் சிக்கல். விசாக்காரருக்கு சட்டமீறல். சங்கத்துப் பையன்கள் சிலர் உற்சாகத்தில் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். சினிமாவில் காட்டுவது போல இருட்டில் காருக்குள் உட்கார்ந்து படம் எடுக்கிற சமாச்சாரம் இல்லை இது. தொண்ணூறு சதவீதம் பிடிஎஃப் படிப்பதுதான். ஊரில் நிலம் வாங்கும்முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி வேலை. நிலத்துக்குப் பதில் ஒரு மனிதர். கடைசியில் கொடுப்பது நூற்றுக்கணக்கான பக்கமுள்ள ஒரு 'புக்'. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே தேதியும் ஆவணத்தின் பெயரும் இருக்க வேண்டும். "அவர் அப்படிப்பட்டவராம்" என்பதற்கு அதில் இடமே கிடையாது. அந்த வரியை வைத்துத்தான் டிவி விளம்பரம் எடுப்பார்கள். ஆதாரம் இல்லாவிட்டால் எதிராளியின் வக்கீல் அது பொய் என்று கடிதம் எழுதிக் கிளம்பிவிடுவார்.

சட்டசபை ஓட்டுகளில் ஆரம்பித்தேன். இல்லினாய் சட்டசபையின் இணையதளத்தில் ஒவ்வொரு மசோதாவுக்கும் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று காட்டும் ரோல் கால் தாள் இருக்கும். கீழவை என்றால் 118 பெயர்கள், பக்கத்தில் ஒய் (ஆதரவு), என் (எதிர்ப்பு), பி, என்வி (ஓட்டுப் போடவில்லை), இ என்று எழுத்துகள். எங்கள் மேனேஜருக்கு 'பி' என்றால் கொண்டாட்டம். 'ஆஜர்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கம் எடுக்காமல் நழுவிய ஓட்டு அது. ஒபாமா இல்லினாய் செனட்டில் இப்படிச் சுமார் 130 தடவை போட்டதைத்தான் 2008 தேர்தலில் ஹிலாரி தரப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் இல்லினாயில் ஒரு மசோதா கீழவையில் நிறைவேற வந்திருந்தவர்களில் பாதி போதாது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 60 பேர் வேண்டும். ஆக 'பி' போட்டாலும் மசோதாவுக்கு ஓர் ஓட்டு குறைகிறது, விளைவில் அது 'என்' மாதிரிதான். பல உறுப்பினர்கள் தெரிந்தேதான் போடுகிறார்கள். இதை விளக்கி எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "இதையெல்லாம் வாக்காளரிடம் யார் சொல்லப் போகிறார்கள்?" என்றார். எதிராளி சொல்வார், அவர் பிரசாரமும் சொல்லும் என்றேன்.

இதைவிடப் பெரிய குழி ஷெல் பில். சட்டத்தில் ஒரு பிரிவின் தலைப்பில் ஒரு சின்னச் சொல்லை மாற்றுவதாக மசோதா ஒன்றைக் கொண்டுவந்து பாதி வழி நகர்த்தி வைத்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் உள்ளே இருந்ததை அடியோடு நீக்கி, வரியோ பட்ஜெட்டோ வேறு எதையோ திருத்தமாக நுழைப்பார்கள். மசோதா எண் அதேதான். அதனால் 'அந்த எண்ணுக்கு அவர் ஒய் போட்டார்' என்பது தனியாக எதையும் சொல்லாது. எந்தத் தேதியில், எந்தத் திருத்தத்துக்குப் பிறகு, மூன்றாம் வாசிப்பு என்கிற இறுதி ஓட்டிலா, மேலவை திருப்பி அனுப்பியதை ஏற்பதிலா என்று பார்த்தாக வேண்டும். எதிராளி 'வரி உயர்வுக்கு ஓட்டுப் போட்டார்' என்று எங்கள் ஆட்கள் ஆசைப்பட்ட ஓர் ஓட்டு, ஒற்றைச் சொல் மாறுகிற கட்டத்தில் போட்டது. திருத்தம் வந்த பிறகு அவர் எதிர்த்துதான் போட்டிருந்தார்.

'இ' என்றால் அனுமதி பெற்று வராதவர். ஒரு வாரம் முழுக்க அவர் பெயருக்கு நேரே 'இ'. முக்கியமான மசோதாக்கள் வந்த வாரம் வேறு. மேனேஜருக்கு உடனே தலைப்பு தோன்றிவிட்டது, 'சம்பளம் வாங்கினார், சபைக்கு வரவில்லை' என்று. அந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். இரங்கல் பக்கத்தில் ஓர் அம்மாளின் படம். கீழே பிள்ளைகள் பெயர் வரிசையில் இரண்டாவதாக எதிராளியின் பெயர். அம்மா இறந்த வாரம் அது. அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து, ஒரு வரியும் எழுதாமல் மேனேஜருக்கு அனுப்பினேன். அந்தத் தலைப்பை அவர் பிறகு எடுக்கவில்லை. பழைய பத்திரிகைகளுக்குச் சந்தா கட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். புறநகர் நூலகங்கள் பலவற்றில் உறுப்பினர் அட்டை இருந்தாலே வீட்டிலிருந்தபடி சிகாகோ ட்ரிப்யூன் பழைய இதழ்களைப் பார்க்கலாம். எனக்கு இதைச் சொன்னது நூலகத்தில் இருந்த ஒரு பெண்மணி. பிரசாரத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கோர்ட் ஆவணங்களில்தான் என் காசு கரைந்தது. மத்திய நீதிமன்ற வழக்குகளை பேசர் என்ற தளத்தில் எடுக்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்துக்கு மொத்தம் 30 டாலருக்குள் இருந்தால் இலவசம். கேட்க மலிவுதான். ஆனால் பெயர் வைத்துத் தேடும்போது வருகிற பட்டியலுக்கு அந்த 3 டாலர் உச்சவரம்பு கிடையாது. அமெரிக்காவில் எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி ஒரு பெயர் எதிராளிக்கு. ஒரு தேடலுக்குப் பக்கம் பக்கமாக வந்து விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் காசு. முதலில் கோர்ட்லிசனர் என்ற இலவசத் தளத்தில் தேடிவிட்டு, வழக்கு எண் தெரிந்த பிறகு பேசருக்குப் போங்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு திவால் வழக்கு இருந்தது. அதே பெயர், அதே நடு எழுத்து, ஏறக்குறைய அதே வயது. 'பட்ஜெட் கமிட்டியில் இருக்கிறவர் திவாலானவர்' என்று எழுதினால் எப்படி இருக்கும்! பிரசார ஆபீஸில் அன்றைக்குப் பீட்சா வாங்கிக் கொண்டாடினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேட்புமனுவில் அவர் கையெழுத்திட்ட முகவரியிலிருந்து பின்னோக்கி, சொத்துப் பதிவுகள், பழைய பேட்டிகள் என்று அவர் எந்த வருஷம் எந்த ஊரில் இருந்தார் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். திவால் மனு போட்டவர் பியோரியாவில் ஒரு தெருவில் குடியிருந்தவர். அதே வருஷம் எங்கள் எதிராளி வேறு மாநிலத்தில் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். வேறு ஆள்தான். பெயரும் வயதும் பொருந்தினால் போதாது, முகவரியும் வருஷமும் பொருந்த வேண்டும். பீட்சா தின்றவர்களுக்கு என் மேல்தான் கோபம்.

விவாகரத்துக் கோப்பையும் பார்க்கச் சொன்னார்கள். குடும்ப வழக்குக் கோப்புகளை வீட்டிலிருந்து பார்க்க முடியாது, சிகாகோவில் டேலி சென்டர் என்ற நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். இல்லினாயில் இந்த ஆசைக்கு வரலாறு உண்டு. 2004 செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் பிளேர் ஹல் என்ற பணக்கார வேட்பாளர் விவாகரத்துக் கோப்பு வெளிவந்ததால் சரிந்தார். அதே வருஷம் ஜூனில் குடியரசுக் கட்சியின் ஜாக் ரயன், லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் அவர் கோப்பைத் திறக்கச் சொன்னதும் போட்டியிலிருந்தே விலகினார். அந்த இடத்தில் கடைசியில் ஜெயித்தவர் ஒபாமா. அதனால் இங்கே எல்லாப் பிரசாரத்துக்கும் ஒரு கோப்பு தேவைப்படுகிறது. நான் திறந்த கோப்பில் கார், வங்கிக் கணக்கு எல்லாம் பிரித்த பிறகு, குழந்தையின் பியானோ யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று இரண்டு பத்தி இருந்தது. வன்முறை இல்லை, மோசடி இல்லை. இரண்டு பேர் ஒத்துப்போகாமல் பிரிந்திருக்கிறார்கள். மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன். 'பொது நலனுக்கு உரிய எதுவும் இல்லை' என்று ஒரே வரி எழுதினேன். ரயிலில் வரும்போது, முன்பின் தெரியாத ஒருத்தியாக ஒரு குடும்பத்தின் படுக்கையறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது. இந்தக் கூச்சம் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு வேலைக்கு ஒத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்க்க மாட்டேன், எதை எழுத மாட்டேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

எதிராளி டிரஸ்டியாக இருந்த வில்லேஜுக்குத் தகவல் கோரிக்கை போட்டேன். இல்லினாய் சட்டப்படி ஐந்து வேலைநாளில் பதில் தர வேண்டும், இன்னும் ஐந்து நாள் நீட்டிக்கலாம், முதல் 50 பக்கம் இலவசம். 'எல்லா ஈமெயிலும்' என்று கேட்டால் சுமை அதிகம் என்று தள்ளிவிடுவார்கள். 'இந்த இரண்டு வருஷத்தில் இவருக்குக் கொடுத்த பயணச் செலவுக் கணக்கு' என்று ஒடுக்கிக் கேட்டதும் அழகாக வந்தது. ஆனால் யாரும் சொல்லாத விஷயம் இது: நான் போட்ட கோரிக்கையே ஒரு பொது ஆவணம். யார் என்ன கேட்டார்கள் என்ற பட்டியலை எதிராளி தரப்பும் கேட்டு வாங்கலாம், வாங்கினார்கள். என் பெயர், நான் எதைத் தேடுகிறேன் என்பது எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விட்டது. இதோடு இன்னொன்று. பிரசாரம் எனக்குக் கொடுத்த முன்பணம் மத்தியத் தேர்தல் ஆணையத்தில் தாக்கல் செய்த காலாண்டுக் கணக்கில் ஏறியது, என் பெயரோடும் வீட்டு முகவரியோடும், நோக்கம் 'ரிசர்ச்' என்று. 200 டாலருக்கு மேல் போன செலவெல்லாம் அப்படித்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் ஒரு கேமரா மாட்டினார். தபால் பெட்டி ஒன்று வாடகைக்கு எடுத்து அந்த முகவரியைக் கொடுத்திருந்தால் இந்தப் பயம் இருந்திருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் அலுப்பு, சங்கடம், அவ்வளவுதான். உண்மையான அடி எங்கள் பக்கத்திலிருந்து வந்தது. அனுபவசாலிகள் எதிராளியைத் தொடுவதற்கு முன் தங்கள் வேட்பாளரைத்தான் முதலில் தோண்டுவார்கள். செல்ஃப் ரிசர்ச் அல்லது வல்னரபிலிட்டி ஸ்டடி என்று பெயர். எதிராளி நம்மிடம் எதைக் கண்டுபிடிப்பார் என்று அவருக்கு முன்னால் நாம் கண்டுபிடிப்பது. ஜார்ஜ் சான்டோஸ் விஷயம் எல்லோருக்கும் தெரியும். படிக்காத கல்லூரி, வேலை பார்க்காத கம்பெனி என்று சொல்லியே 2022 நவம்பரில் நியூயார்க் 3-ஆவது தொகுதியில் ஜெயித்தவர். எதிர்க்கட்சியின் காங்கிரஸ் தேர்தல் குழு அவரைப் பற்றி 87 பக்கம் எழுதி வைத்திருந்தும் முக்கியமான பொய்கள் தப்பிவிட்டன. லாங் ஐலண்டின் ஒரு சின்னப் பத்திரிகை தேர்தலுக்கு முன்பே அவர் சொத்துக் கணக்கைச் சந்தேகப்பட்டு எழுதியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. ஒரு வருஷத்துக்கு முன்பே அவருடைய பிரசாரத்துக்காகவே ஒரு செல்ஃப் ரிசர்ச் அறிக்கை தயாராகி, பொய்கள் பலவும் அதில் இருந்தன. விலகிவிடுங்கள் என்று சொன்ன ஊழியர்கள் தாங்கள் விலகிப் போனார்கள், அவர் நின்றார். 2023 டிசம்பர் 1 அன்று 311-க்கு 114 என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபை அவரை வெளியேற்றியது.

இதையெல்லாம் சொல்லி, நம்மவர் கோப்பையும் நான் பார்க்கிறேன், தனியாகக் காசு வேண்டாம் என்றேன். மேனேஜருக்கு இஷ்டமில்லை. "அவர் அரசியலுக்கே புதுசு, ரெக்கார்டே கிடையாதே" என்றார். ஓட்டு ரெக்கார்டு இல்லாதவருக்கு வாழ்க்கைதான் ரெக்கார்டு. அரை மனதோடு சரி என்றார்கள்.

அவர் இணையப் பக்கத்தின் பழைய வடிவங்களை வேபேக் மெஷினில் வைத்து, வாழ்க்கைக் குறிப்பு எப்படி மாறியது என்று பார்த்தேன். பட்டத்தைக் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்தேன். பட்டம், படித்த வருஷம் போன்றவற்றைப் பல கல்லூரிகள் யார் கேட்டாலும் சொல்லும். எல்லாம் சுத்தம். அப்புறம் சொத்துவரி. சிகாகோ இருக்கிற குக் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஒவ்வொரு சொத்துக்கும் 14 இலக்க எண் உண்டு, அதைப் போட்டால் வரியும் சலுகைகளும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் வேட்பாளர் டுபேஜ் கவுண்டியில் பெரிய வீட்டில் இருக்கிறார். பழைய டவுன்ஹவுஸ் ஒன்று குக் கவுண்டியில் இன்னும் அவர் பெயரில், வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த டவுன்ஹவுஸ் பக்கத்தைத் திறந்ததும் 'ஹோம்ஓனர் எக்ஸம்ப்ஷன்' என்ற வரியில் வருஷம் தவறாமல் ஒரு தொகை நின்றது. டுபேஜ் வீட்டிலும் அதே சலுகை. தான் குடியிருக்கிற ஒரே வீட்டுக்குத்தான் அந்தச் சலுகை கிடைக்கும். வேட்பாளர்கள் பிரதிநிதிகள் சபையில் தாக்கல் செய்கிற சொத்து விவரப் படிவத்தையும் எடுத்தேன். குடியிருக்கிற வீட்டை அதில் காட்ட வேண்டியதில்லை, வாடகை வருகிற வீட்டைக் காட்ட வேண்டும். டவுன்ஹவுஸ் அதில் இல்லை.

அவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. குக் கவுண்டியில் அந்தச் சலுகை தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். வீடு மாறியவர் சொல்ல மறந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சமானது வருஷத்துக்குச் சில நூறு டாலர்தான் இருக்கும். சொத்து மதிப்பைக் கணக்கிடும் அசெஸர் அலுவலகத்துக்குத் தானே போய்ச் சொல்லிப் பழைய தொகையைக் கட்டிவிட்டு, சொத்துப் படிவத்துக்கும் ஒரு திருத்தம் போட்டுவிட்டால் கதை அங்கேயே முடியும். யாராவது கேட்டால் 'கண்டுபிடித்தோம், கட்டிவிட்டோம்' என்று ரசீதைக் காட்டலாம். இதைத்தான் இரண்டு பக்கமாக எழுதிக் கொடுத்தேன்.

அன்று இரவே வேட்பாளரிடமிருந்து போன். அதுவரை என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசியவர். "உங்களுக்குக் காசு கொடுப்பது அவரைத் தேடத்தானே? என் வீட்டில் உங்களுக்கு என்ன வேலை?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம், தன் கணக்காளர் எல்லாம் பார்த்துக்கொள்வார், இதை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று வைத்துவிட்டார். அறிமுகம் செய்துவைத்த தம்பி மறுநாள், "அக்கா, கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாமே" என்றான். வரிக் கணக்கைப் பதமாக எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைப் படிப்பது மருத்துவரும் வக்கீலும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடக்கக்கூடாது என்று மட்டும் புரிந்தது. செல்ஃப் ரிசர்ச் அறிக்கையை ஈமெயிலில் அனுப்பாதீர்கள். வேட்பாளர், மேனேஜர், முடிந்தால் பிரசார வக்கீல், மூவரையும் உட்காரவைத்துத் தாளாகக் கொடுங்கள், பேசி முடித்ததும் பிரதிகளை வக்கீலிடம் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்திலேயே 'இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம், எத்தனை நாள் ஆகும்' என்று எழுதுங்கள்.

பிரைமரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தபாலில் பளபளவென்று ஒரு நோட்டீஸ் வந்தது. இரண்டு வீட்டின் படம், இரண்டு சலுகையின் தொகை, கீழே கவுண்டிப் பக்கத்தின் பெயரும் பார்த்த தேதியும். எதிராளிக்கு வேலை செய்தவர் கெட்டிக்காரர், ஒரு சொல்லும் மிகையாக இல்லை. நான் எழுதியதும் அதுவும் ஒரே மாதிரி இருந்ததால் பிரசாரத்தில் எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான்தான் கொடுத்தேன் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. ஆனால் ஆபீஸ் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை எடுத்தார்கள், பகிர்ந்த கோப்புகள் திறக்கவில்லை. பொதுவில் கிடக்கிற ஆவணத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றியது ஒன்றுதான்: எந்த ஆவணத்தை எந்தத் தேதியில் எங்கிருந்து எடுத்தேன், யாருக்கு எப்போது அனுப்பினேன் என்று டெஸ்டிங் பழக்கத்தில் ஒரு எக்ஸெல் தாள் வைத்திருந்தேன். அதைப் பிரசார வக்கீலுக்கு அனுப்பினேன். நோட்டீஸில் அச்சாகியிருந்த பார்த்த தேதி நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததற்கு முந்தைய தேதி. வக்கீல் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, சந்தேகப் பேச்சு மட்டும் நின்றது.

எங்கள் ஆள் தோற்றார். நோட்டீஸால்தானா என்று சொல்ல முடியாது, எதிராளிக்கு அந்தத் தொகுதியில் வேர் அதிகம்.

மிச்சப் பணம் 3,000 டாலர், பேசருக்கும் சான்றிட்ட நகல்களுக்கும் நான் கட்டிய நானூறு டாலருக்குப் பக்கம், இரண்டும் வரவில்லை. ஈமெயிலுக்குப் பதில் நின்றது. அடுத்த காலாண்டுக் கணக்கை ஆணையத்தின் தளத்தில் திறந்தேன். 'ஷெட்யூல் டி' என்ற கடன் பட்டியலில் அச்சகம், விளம்பரக் கம்பெனி, அப்புறம் நான். அதே கணக்கில், வேட்பாளர் தன் பிரசாரத்துக்குத் தானே கொடுத்திருந்த கடனில் ஒரு பகுதி அவருக்குத் திரும்பிப் போயிருந்ததும் இருந்தது. ரத்தம் கொதித்தது. ஆனால் கடன் பட்டது பிரசாரத்தின் கணக்கு வழக்கை வைத்திருக்கிற கமிட்டி, வேட்பாளர் இல்லை. கமிட்டியின் வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லை என்றால் வாங்குவதற்கும் ஒன்றும் இல்லை. கடன் தீராமல் கமிட்டியை மூட முடியாது, ஒவ்வொரு காலாண்டும் அவர்கள் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பது ஒன்றுதான் நம் பக்கம் இருக்கிற பிடி. ஆணையம் நமக்காக வசூல் செய்து தராது. இல்லினாயில் 10,000 டாலர்வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். போனால் ஜெயிப்பேன், ஜெயித்தாலும் காலிப் பையில்தான் கை விட வேண்டும் என்று அங்கே விசாரித்தபோது ஒருவர் சொன்னார். இன்னும் போகவில்லை. கமிட்டிக்கு எப்போதாவது பணம் வருகிறதா என்று காலாண்டுக் கணக்கை மட்டும் பார்க்கிறேன்.

வரியில் நஷ்டமாகக் காட்டலாமே என்று பலர் சொன்னார்கள். முடியாது. கைக்கு வந்த பணத்தை மட்டும் வருமானமாகக் காட்டுகிற நம்மைப் போன்றவர்கள் வராத கூலியை வராக்கடனாகக் கழிக்க முடியாது என்று கணக்காளர் சொல்லிவிட்டார். நான் கட்டிய பேசர், நகல் செலவுகளை மட்டும் தொழில் செலவாகக் கழித்தேன். ரசீதுகளை எடுத்துவைத்திருந்ததில் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

இதில் இறங்க நினைப்பவர்கள் எல்லை தாண்டும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்ள இரண்டு சம்பவம் சொல்கிறேன். 2005-இல் மேரிலாண்டில் மைக்கேல் ஸ்டீல் என்ற அரசியல்வாதியின் கடன் அறிக்கையை எதிர்க்கட்சியின் செனட் தேர்தல் குழு ஊழியர்கள் அவருக்குத் தெரியாமல் எடுத்தார்கள். மத்திய விசாரணை வந்து, ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். யாருடைய கடன் அறிக்கையையும் அப்படி எடுக்கக்கூடாது. 2018-இல் வர்ஜீனியாவில் அபிகேல் ஸ்பான்பெர்கர் என்ற காங்கிரஸ் வேட்பாளரின் பாதுகாப்பு விசாரணைப் படிவத்தைத் தபால்துறை தவறுதலாகத் தகவல் கோரிக்கையில் வெளியிட்டுவிட்டது, சமூகப் பாதுகாப்பு எண்ணோடு. கையில் கிடைத்ததை எதிர்த்தரப்பு பயன்படுத்தப் போக, பேச்சு முழுக்க அவர்களுடைய நடத்தையைப் பற்றியே ஆனது, அவர் ஜெயித்தார். சட்டப்படி கையில் வந்த ஆவணமானாலும், அதில் வரக்கூடாதது இருந்தால் வக்கீலிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். தேர்தல் ஆணையத்தின் நன்கொடையாளர் பட்டியலை எடுத்து அவர்களிடம் காசு கேட்பதும் சட்டவிரோதம், பலருக்கு இது தெரியாது. இல்லினாயில் தனிப்பட்ட உரையாடலைப் பேசுகிற எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் ரகசியமாக ஒலிப்பதிவு செய்யவும் கூடாது. பொதுக்கூட்டத்தில் படம் எடுப்பது வேறு. 2006-இல் வர்ஜீனியா செனட்டர் ஜார்ஜ் ஆலன், கூட்டத்தில் தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞர் எஸ். ஆர். சித்தார்த்தைப் பார்த்து 'மக்காகா' என்று இனத்தை இழிவுபடுத்தும் சொல்லைச் சொல்லி, அந்த வீடியோவாலேயே ஆட்டம் கண்டு, பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றார். அந்தப் பையன் ஒளிந்து எடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்படி கேமராவோடு நின்றிருந்தான்.

போன மாதம் வேறொரு பிரசாரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். இந்தத் தடவை ஒரு பக்கத்தில் என் நிபந்தனைகளை முதலில் அனுப்பினேன். பாதிப் பணம் கையெழுத்தின்போது, மீதி ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும் அன்றைக்கே. பேசர் கணக்கு பிரசாரத்தின் பெயரில், அவர்கள் கார்டில். பெயர் பொருந்தி முகவரி பொருந்தாத எதையும் எழுத மாட்டேன். முதல் புக் உங்கள் வேட்பாளருடையது, அதை அவர் படித்து முடித்த பிறகுதான் எதிராளி. கடைசி நிபந்தனை மட்டும் அவசியமா என்று திருப்பிக் கேட்டார். அவசியம் என்று எழுதினேன். வேட்பாளரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.